டாட்காம் சார் தேடிய ஒரே ஒரு வாடிக்கையாளர்

கல்கத்தாவில் ஒரு பொருளைக்கூட விற்காமல் பதினேழு வியாபாரங்களைத் தொடங்கி மூடிய ஒரே மனிதர் டாட்காம் சார்தான். இந்தியாவிலேயே என்று எழுதலாமா என்று யோசித்தேன். ஆனால் நான் இந்தியாவை முழுக்கப் பார்த்ததில்லை. தென்காசிப் பக்கத்திலிருந்து ரயிலேறி ஹவுராவில் இறங்கினேன். நடுவில் இருந்ததெல்லாம் ஜன்னல் வழியாகப் போனதுதான்.

லேக் மார்க்கெட்டில் நான் காபித்தூள் கடை வைத்திருந்தேன். எட்டடிக்கு ஆறடி. அதில் பாதியை அரைக்கிற மிஷின் எடுத்துக்கொள்ளும். மிச்ச இடத்தில் நானும் ஒரு ஸ்டூலும். ஸ்டூல் வாடிக்கையாளர்கள் உட்காருவதற்காகப் போட்டது. இரண்டு வருடம் அதில் டாட்காம் சார் உட்கார்ந்திருந்தார். வாடிக்கையாளர்கள் நின்றார்கள்.

அவருக்கு அந்தப் பெயர் வந்தது அவர் வாயால்தான். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் அதிகாரியாக இருந்தவர், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்தார். அப்போது சால்ட் லேக்கில் ஏதோ ஒரு மண்டபத்தில், இணையத்தில் வியாபாரம் செய்வது எப்படி என்று ஒருநாள் இலவச வகுப்பு நடந்தது. சமோசா உண்டு என்று போட்டிருந்ததால் போனதாக அவரே சொன்னார். காலையில் போனவர் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது வேறு ஆள். அன்றிலிருந்து கண்ணில் பட்ட எல்லாப் பொருளுக்கும் ஒரு வால் வைத்தார். வாழைப்பூ டாட்காம். ஊறுகாய் டாட்காம். ஒருமுறை தெருவில் சவ ஊர்வலம் போனது. வாயைத் திறந்தார், பிறகு அவராகவே மூடிக்கொண்டார்.

வகுப்பு முடிந்து நேராக என் கடைக்குத்தான் வந்தார்.

"தம்பி, உன்ற கடையில என்ன தப்புன்னு தெரியுமா?"

எனக்குத் தெரிந்து கூரையில் ஒரு இடத்தில் ஒழுகும். அதைச் சொன்னேன்.

"அது இல்லப்பா. யாரு வந்து கேட்டாலும் குடுத்தர்ற. அதான் தப்பு."

"சரி சார்."

"எல்லாருக்கும் வேண்டியதை எல்லாரும் விப்பான். கொஞ்சம் பேருக்கு மட்டும் வேண்டியது, ஆனா அவங்களுக்கு உசுரு போற மாதிரி வேண்டியது, எங்க தேடுனாலும் கிடைக்காதது. அந்த ஒண்ணைப் புடிச்சுட்டா, உலகத்துல எந்த மூலையில இருந்தாலும் அவன் நம்மளைத் தேடிக்கிட்டு வருவான். அந்தச் சந்துக்குப் பேரு நீஷ்."

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நீஷ் என்றால் ஒருவேளை ஆறாம் வகுப்பில் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவருடைய முதல் நீஷ் குரங்குக் குல்லா. கார்த்திகை பிறந்து லேசாகக் காற்று மாறினால் போதும், கல்கத்தாவில் பாதித் தலைகள் குல்லாவுக்குள் போய்விடும். கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே இருக்கும். "குரங்குக் குல்லா எல்லாரும் விக்கறான். கண்ணாடி போட்டவனுக்குன்னு எவன் விக்கறான்?" என்றார். நியாயமான கேள்வி. காதுக்குப் பக்கத்தில் கண்ணாடிக் காம்பு நுழைய இரண்டு கீறல் வைத்து, அவர் வீட்டு அம்மா ஒரு குல்லா பின்னிக் கொடுத்தார். குளிர் வரும்வரை காத்திருக்க சாரால் முடியவில்லை. நல்ல மே மாத வெயிலில் அதை மாட்டிக்கொண்டு, மேலே கண்ணாடியும் போட்டுக்கொண்டு, சோதனைக்காக மார்க்கெட்டுக்குள் நடந்தார்.

மே மாதத்தில் குல்லா போட்டவனுக்கு மலேரியாதான் இருக்கும் என்பது அந்த ஊர்க் கணக்கு. மீன்காரர் எழுந்து நின்று அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒரு ஹோமியோபதி மருந்தின் பெயரைச் சொன்னார். அது சளிக்கு, மலேரியாவுக்கு வேறு என்றார் இன்னொருவர். இரண்டுமே தவறு என்று சொல்வதற்காக மூன்றாமவர் டிராமிலிருந்தே இறங்கி வந்தார். ஒரு மணி நேரம் கழித்து, முகமெல்லாம் வேர்த்து வழிய, மூன்று மருந்துப் பொட்டலத்தோடு சார் கடைக்கு வந்து சேர்ந்தார்.

"குல்லாவைப் பத்தி யாராவது கேட்டாங்களா சார்?"

"குல்லாவை எவன் பார்த்தான்? ஆனா தம்பி, என்ன ஒரு வாதம். என்ன ஒரு வாதம்."

குல்லாவை மடியில் வைத்துக்கொண்டு, அந்த மூன்று பேரில் யார் சொன்னது சரி என்று எனக்கு விளக்க ஆரம்பித்தார். கொத்தமல்லிக் கட்டோடு நின்றிருந்த ஒரு அம்மாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போனார்.

அடுத்தது சந்தை ஆராய்ச்சி. மக்களுக்கு என்ன குறை என்று தெரிந்தால்தான் என்ன விற்பது என்று தெரியும் என்று, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ராஷ்பிஹாரி முக்குப் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார். வருகிறவர்களிடம் ஒரே கேள்விதான். உங்களுக்கு அன்றாடம் இருக்கிற பெரிய தொந்தரவு என்ன? முதல் ஆள் வாயுத் தொல்லை என்றார். வேறு ஊராக இருந்தால் எழுதிக்கொண்டு அடுத்த ஆளிடம் போகலாம். இங்கே, வாயுத் தொல்லை என்றதும் பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டார்கள். குடிநீர்தான் காரணம் என்றார்கள். இல்லை, குடிநீரைக் கவனிக்காத கவுன்சிலர்தான் காரணம் என்றார்கள். மத்தியானத்துக்குள் ஒரு கமிட்டி அமைந்து, தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் தேர்வாகிவிட்டார்கள். ஆராய்ச்சிக்குப் போன சார் குடிநீர்க் கமிட்டியின் துணைச் செயலாளராகத் திரும்பி வந்தார். மூன்று வாரத்துக்கு வியாபாரப் பேச்சே இல்லை. நோட்டுப் புத்தகத்தில் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

இப்படியே ஒவ்வொன்றாகப் போயிற்று. அவருக்கு ஒரு வியாதி. எந்தச் சந்து அகப்பட்டாலும் அது அவருக்கு அகலமாகவே தெரியும். இன்னும் குறுக்கு, இன்னும் குறுக்கு என்று குறுக்கிக்கொண்டே போவார். குடை விற்கலாம் என்று ஆரம்பிப்பார். உயரமானவர்களுக்குக் குடை என்பார். உயரமான பாட்டு வாத்தியார்களுக்குக் குடை என்பார். இரண்டு நாளில், உயரமான, வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுக்கிற ரவீந்திர சங்கீத வாத்தியார்களுக்குக் குடை என்று வந்து நிற்கும். விசாரித்தால் அப்படி ஒருத்தர்தான் இருப்பார், அவரிடமும் குடை இருக்கும்.

இதில் உச்சம் இடதுகைக்காரர்களுக்கான தேங்காய்த் துருவி. இடதுகைப் பழக்கம் உள்ள, தேங்காய் துருவுகிற, கல்கத்தாத் தமிழர்கள். இதைவிட நல்ல சந்து கிடையாது என்றார். பட்டறையில் சொல்லி இரண்டு டஜன் துருவி அடித்து வாங்கி, வைக்க இடமில்லாமல் என் கடையில் இறக்கினார். ஸ்டூலுக்கு அடியில் ஒரு டஜன், என் காலுக்கு அடியில் ஒரு டஜன். தெரு முழுக்க விசாரித்ததில் இடதுகைக்காரர்கள் மூன்று பேர் அகப்பட்டார்கள். அதில் ஒருவர் அவர் வீட்டு அம்மா.

அம்மா கடைக்கே வந்து ஒரு துருவியை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது சாதாரணத் துருவியாட்டத்தான் இருக்குது?"

"இடதுகைக்குன்னு தனியாச் சொல்லி அடிச்சது அம்மிணி."

"துருவி நடுவுல நட்டுக்கிட்டு நிக்குது. இந்தப் பக்கம் உக்காந்தா வலதுகை, அந்தப் பக்கம் உக்காந்தா இடதுகை. அதுக்கு எந்தக் கைன்னு கண்ணா இருக்குது?"

சார் துருவியைப் பார்த்தார். நான் மிஷினைப் போட்டேன். அரைக்கக் கொட்டை ஒன்றுமில்லை, சத்தம் இருக்கட்டும் என்றுதான் போட்டேன்.

மிஷின் நின்றதும் அம்மா தீர்ப்பைச் சொன்னார். அவர் கோபக்காரர் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"துர்கா பூஜை வர வரைக்கும் பாக்கறனுங்க. அதுக்குள்ள நமக்கு முன்னபின்ன தெரியாத ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, ஒரு சாமான் வேணும்னு கேட்டு ஆர்டர் குடுக்கோணும். இல்லீன்னா கோயமுத்தூருக்கே போயிரலாம். என்ற அண்ணன் மோட்டார் பம்புக் கடையில உங்களுக்குன்னு நாற்காலி போட்டு வெச்சிருக்கறான்."

அம்மா போன பிறகு சார் துருவிகளை வெளியே இழுத்து இரண்டு முறை எண்ணினார். இரண்டு முறையும் இருபத்துநாலுதான் வந்தது.

"உங்க சொந்த ஊர்தானே சார்," என்றேன்.

"ஊரு நல்ல ஊருதான். தண்ணி அப்பிடி இருக்கும். ஆனா தம்பி, அங்க ஒருத்தனைப் பார்த்து இன்னைக்கு மழை வரும்னு சொன்னா, ஆமாங்கன்னுட்டுப் போயிருவான். இங்க அதே பேச்சுக்கு முக்கா மணி நேரம் ஓடும். எனக்கு இருபத்தாறு வருஷமாப் பழகிப்போச்சு. அந்த நாற்காலியில உக்காந்து நான் யார்கிட்டப் பேசுவேன்?"

பூஜைக்கு நாலு மாதம் இருந்தது. சார் அதற்குப் பிறகு ஒழுங்காகத்தான் முயன்றார். என் கடைக்கு அடுத்த கம்ப்யூட்டர் சென்டர் பாபிதாவுடையது. வங்காளியில் தாதா என்றால் அண்ணன், சுருக்கினால் தா; அதனால் பாபி அண்ணன் என்று அர்த்தம், ஆனால் என்னைவிடச் சின்னவர். நாலு கம்ப்யூட்டர், அதில் இரண்டு ஓடும். சாருக்கு இணையதளம் செய்து கொடுத்ததும், ஒவ்வொரு நீஷுக்கும் அதன் தலைப்பை மாற்றிக்கொண்டே இருந்ததும் அவர்தான்.

ஆவணி மாதம் ஒருநாள் சார் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. கையில் ஒரு தாள்.

"வந்துருச்சு தம்பி. ஆர்டர் வந்துருச்சு. ஆளு யாருன்னே தெரியாது."

தாளை வாங்கிப் பார்த்தேன். துருவி ஒன்று என்று இருந்தது. பெயர் இருக்கிற இடத்தில் ஏ, எஸ், டி, எஃப். எழுத்துக்கூட்டிப் படித்தேன். வாயில் நிற்கவில்லை.

"எந்த ஊர்க்காரர் சார்?"

"துருக்கிக்காரரா இருக்கலாம். ஊரு பேரும் அதேதான் போட்டிருக்கு. சில நாட்டுல ஊர்ப் பேரையே ஆளுக்கு வெப்பாங்க."

துருவியைத் துணியில் சுற்றி, அட்டையில் சுற்றி, சாக்கில் தைத்து, மேலே ஏஎஸ்டிஎஃப் என்று பெரிதாக எழுதி எடுத்துக்கொண்டு போஸ்ட் ஆபீஸ் போனார். அங்கே இருந்த குமாஸ்தா அப்படி ஒரு ஊரே இல்லை என்றார். எல்லா ஊரையும் நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று சார் கேட்டார். வரிசையில் நின்றவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். துருக்கியில் அப்படி ஒரு ஊர் உண்டு, அங்கே குளிர் ஜாஸ்தி என்று ஒருவர் சொன்னதாகக் கேள்வி.

சாயங்காலம் பாபிதா தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். அவர் வங்காளியில் சொன்னதை அப்படியே தமிழில் எழுதுகிறேன். "தாதா, அது நான்தான். ஆர்டர் போகுதா என்று பார்க்க விரலுக்கு வந்த எழுத்தைத் தட்டினேன்."

சார் சாக்கைப் பிரிக்கவில்லை. அப்படியே ஸ்டூலுக்கு அடியில் தள்ளினார்.

மகாளய அமாவாசை வந்தது. தெருவில் பந்தலுக்கு மூங்கில் கட்டி முடித்து, துணி போர்த்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சார் இல்லாத நேரம் பார்த்து பாபிதாவிடம் போனேன். ஏதாவது ஒரு பெயரில் ஒரு துருவிக்கு ஆர்டர் போடச் சொன்னேன். பெயர் என்ன என்றார். வாயில் வந்தது முருகன். எந்த ஊர் என்றார். பழனி என்றேன். இதைச் சொல்லி முடிக்கும்போது பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது.

"தம்பி," என்றார் சார். "நீ குடுத்தா அதுக்குப் பேரு ஆர்டர் இல்லப்பா. மொய்."

"சரி சார்."

"பழனி முருகன் தேங்காய உடைப்பாரு. துருவ மாட்டாரு."

அன்று அவரும் பாபிதாவும் உட்கார்ந்து இணையதளத்தில் இருந்த எல்லாவற்றையும் அழித்தார்கள். குல்லா போயிற்று, குடை போயிற்று, துருவி போயிற்று. வெள்ளைத் திரையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. எங்கே தேடியும் கிடைக்காமல் உங்களை வாட்டுகிற பொருள் எது, எழுதுங்கள், அனுப்புகிறோம். கீழே ஒரு கட்டம். "இத்தனை நாளா என்ன விக்கறதுன்னு நானே ரோசனை பண்ணிட்டேன். இனி வாங்கறவனே சொல்லட்டும்" என்றார் சார்.

பூஜை தொடங்குகிற சஷ்டி வரை யாரும் சொல்லவில்லை. சப்தமி அன்று அம்மா பெட்டி கட்ட ஆரம்பித்தார். தசமிக்கு அம்மனைக் கரைக்க லாரியில் ஏற்றிக்கொண்டு போனபோது, சார் நடைபாதையில் நின்று கைகூப்பினார். அந்த லாரி எந்தப் பாலம் வழியாகப் போனால் சீக்கிரம் போகும் என்று பக்கத்தில் இருந்தவரோடு ஒரு அரை மணி நேரம் பேசினார். அதற்கு அடுத்த வாரம் ரயில்.

நான் ஹவுரா வரைக்கும் போனேன். எஸ்-7 பெட்டி பிளாட்பாரத்தில் எங்கே நிற்கும் என்று சாருக்கும் போர்ட்டருக்கும் பிடித்துக்கொண்டது. அவர் ஒரு கோடி என்றார், இவர் மறுகோடி என்றார். நடுவில் அம்மா பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். வண்டி வந்தது. எஸ்-7 நடுவில், அம்மாவுக்கு நேராக நின்றது. இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு, வண்டியைத் தப்பாகக் கோத்துவிட்டார்கள் என்று ரயில்வேயைத் திட்டினார்கள். சார் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

அதைப் பார்த்துக்கொண்டே அம்மா என்னிடம் சொன்னார். "தம்பி, நாந்தான் கூட்டிக்கிட்டுப் போறேன். ஆனா அங்க போயி இந்த மனுசன் என்ன பண்ணுவாருன்னு நெனச்சா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."

ஸ்டூல் காலியாயிற்று. வாடிக்கையாளர்கள் உட்கார்ந்தார்கள். வியாபாரம் கூடியது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கடையில் மிஷின் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது.

தை பிறக்கிற சமயம். பாபிதா ஒரு தாளோடு வந்தார்.

"காபி தாதா, அந்தக் கட்டத்தில் ஒரு ஆர்டர் வந்திருக்கு. இது நான் இல்லை. என் அம்மா மேல் சத்தியம்."

அந்தப் பக்கத்தை மூட யாருக்கும் தோன்றாமல் அது அப்படியே கிடந்திருக்கிறது. பெயர் சுப்பிரமணியம், ஊர் கோயமுத்தூர் பீளமேடு என்று இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அப்படி ஒருத்தரைத் தெரியாது. எனக்கு ஒரே சந்தோஷம். முன்பின் தெரியாத ஆள், அதுவும் சார் இருக்கிற அதே ஊர். சாருக்குச் சொல்லிவிட்டால் அவரே நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம், தபால் செலவுகூட இல்லை என்று பாபிதாவிடம் சொன்னேன். அவரும் நல்ல யோசனை என்றார். பிறகு சாமான் பட்டியலைப் படித்து எனக்கு வங்காளியில் சொல்லத் தொடங்கினார்.

குளிர்காலத்து ஈச்சம் வெல்லம், இரண்டு அச்சு. ஒன்று எனக்கு, இன்னொன்று எதிர் வீட்டுக்காரருக்கு. அவர் துர்காபூரில் பதினாறு வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். இந்த வெல்லத்தின் பேச்சை எடுத்ததும் அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கடுகு அரைத்த காசுந்தி, ஒரு பாட்டில், உடையாமல். கந்தராஜ் எலுமிச்சை, பத்து. பொரி வேண்டாம், இங்கே கிடைக்கிறது. அதில் பிசைகிற கடுகெண்ணெய்தான் கிடைக்கவில்லை, வீட்டில் வாசனை ஆகாது என்கிறார்கள், அதனால் சின்ன பாட்டிலாகப் போதும். காபித்தூள் கால் கிலோ, லேக் மார்க்கெட்டில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் பக்கத்துக் கடையில் அரைத்தது.

பாபிதா படிப்பதை நிறுத்தினார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். டாட்காம் சாருக்கு வேறொரு பெயர் இருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் அதுவரை தோன்றியதே இல்லை.

"ஆரே பாபா," என்றார் பாபிதா. "இரண்டு வருடம் இந்த ஆளைத்தானே தாதா தேடினார். கிடைக்காமல் தவிக்கிற ஆள். ஒருத்தர் இல்லை, எதிர் வீட்டோடு இரண்டு பேர். இங்கேயே உட்கார்ந்துகொண்டு தேடினால் எப்படிக் கிடைப்பார்?"

"வேறு ஏதாவது எழுதியிருக்கா?"

கடைசியில் ஒரு வரி இருந்தது. இந்த ஊரில் எல்லாரும் நல்லவர்கள், நான் எது சொன்னாலும் ஆமாங்க என்கிறார்கள், இதற்கு அங்கே ஏதாவது கிடைத்தால் அதையும் சேர்த்து அனுப்பவும்.

மூன்று நாள் அலைந்து எல்லாவற்றையும் வாங்கினேன். வெல்லத்தை முகர்ந்து பார்த்து எடுத்தேன். காசுந்தி பாட்டிலை வைக்கோலில் சுற்றி, அந்த வைக்கோலை ஒரு பழைய துண்டில் சுற்றினேன். காபியை அவர் பெயரைச் சொல்லி அன்றைக்கு வறுத்த கொட்டையில் அரைத்தேன். எல்லாம் வைத்த பிறகும் பட்டியலின் கடைசி வரி பாக்கி இருந்தது. அதற்கு எந்தக் கடைக்குப் போவது என்று பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு காபிப் பொட்டலத்துக் காகிதத்தில் ஒரு துண்டு கிழித்து, பென்சிலால் 'இல்லை சார்' என்று எழுதி, மேலாக வைத்துப் பெட்டியைத் தைத்தேன். எதற்கு இல்லை என்று எழுதவில்லை. வாதம் பண்ண அது அவருக்கு ஒரு மாதத்துக்காவது வரும்.